1991 மே 22: உங்கள் வீட்டிலும் "வாயைத் திறக்காதே" என்றார்களா?

கேள்வி: கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

வணக்கம். நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் இருக்கிற, சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். நினைவு இருக்கிற மற்றவர்களும் சொல்லுங்கள். ராஜீவ் காந்தி இறந்த மறுநாள், 1991 மே 22, புதன்கிழமை, உங்கள் வீட்டில் என்ன நடந்தது? வீட்டுப் பெரியவர்களிடம் "வெளியே பேசாதீங்க" என்று யாராவது சொன்னார்களா?

போன வாரம் தம்பி வந்திருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. "அன்னிக்கு ஒண்ணுமே நடக்கலக்கா, நீயா எதையோ சேர்த்துச் சொல்ற" என்றான். அவனுக்கு அப்போது 6 வயது, எனக்கு 11. என் மகளுக்காக எழுதி வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவன் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நினைவில் இருப்பதை அப்படியே சொல்கிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் கோத்தகிரிக்கு மேலே ஒரு ஹட்டியை (படகர் ஊர்) ஒட்டிய வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். 6 வீட்டுக்கு ஒரே குழாய். அப்பாவுக்குப் படகர் ஒருவரின் தோட்டத்தில் வேலை, அம்மா அங்கேயே கொழுந்து பறித்தார். அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, வீட்டோடு இருந்தார். சித்தப்பா காய்கறி லாரியில் மூட்டை ஏற்றி இறக்கப் போவார். இவர்கள் எல்லோரும் 1978-ல் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலில் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு மலைக்கு வந்தவர்கள். நான் இங்கேயே பிறந்தவள்.

அன்று காலை வேலைக்குக் கிளம்பிய அப்பா கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். "ராஜீவைக் கொன்னுட்டாங்களாம், நம்ம மெட்ராஸ் பக்கத்துலயேவாம்" என்றார். செய்தி இரவிலேயே ஊருக்குள் வந்திருக்கிறது, எங்களுக்குத்தான் காலையில் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூர் என்ற பேரை நான் கேட்டதே அன்றுதான். எங்கள் வீட்டுச் சுவரில் இந்திரா காந்தி படம் ஒன்று இருந்தது, காலண்டரில் இருந்து வெட்டி ஒட்டியது. அப்பா அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதார். "தாயி போன மாதிரியே பிள்ளையும் போச்சே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அது வெறும் பயத்தில் வந்த அழுகை இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சொந்த வீட்டில் ஒருவர் போனது போலத்தான் அழுதார்.

அம்மா அழவில்லை. நேரே டிரான்சிஸ்டரிடம் போனார். அந்தப் பெட்டியில் சிவப்பு முள் எப்போதும் இலங்கை வானொலியில்தான் நிற்கும். அப்பாயி வேறு எதற்கும் மாற்ற விடமாட்டார். அம்மா முதலில் சத்தத்தைக் குறைத்தார், அப்புறம் திருகை மெதுவாகத் திருப்பி முள்ளை நகர்த்தினார். இரைச்சல், இந்தி, மறுபடி இரைச்சல். கடைசியில் நம் ஆகாசவாணி கிடைத்தது, ஒரே சோக வாத்தியம். அதற்குப் பிறகுதான் சத்தத்தைக் கூட்டி வைத்தார், வெளியே கேட்கிற அளவுக்கு.

அப்புறம் அப்பாயியிடம் வந்தார். "அத்தே, குழாயடியில இன்னிக்கு வாயத் தொறக்காதீங்க. யாராச்சும் கேட்டா தலைய மட்டும் ஆட்டுங்க."

அப்பாயியின் பேச்சு அப்படி. தேத்தண்ணி என்பார், சோப்பைச் சவுக்காரம் என்பார், காசைச் சல்லி என்பார். கடையில் போய் "அரை றாத்தல் பாண் குடுங்க" என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் விழிப்பதைப் பார்த்துச் சிரிப்பார். இந்த மலையில் 13 வருஷம் ஆகியும் அவர் பேச்சு ஒரு எழுத்துகூட மாறவில்லை.

குழாயடியில் என்ன நடந்தது என்பதும் எனக்கு நினைவு இருக்கிறது. அப்பாயி வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். ஹட்டியிலிருந்து ஒரு படகப் பாட்டி எப்போதும் அந்த வழியாக வருவார், இருவருக்கும் நல்ல பழக்கம். அவர் ஏதோ கேட்டார். அப்பாயி தலையை மட்டும் ஆட்டினார். மறுபடி கேட்டார். நான் குறுக்கே போய் "பல்வலி பாட்டி" என்று சொல்லிவிட்டேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, வாயில் அதுதான் வந்தது. மறுநாள் அந்தப் பாட்டி ஒரு துண்டுக் காகிதத்தில் கிராம்பு மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

மதியத்துக்கு மேல் தம்பி பசி என்று அழுதான். என்னை மட்டும் கடைக்கு அனுப்பினார்கள். "முன்கதவு சாத்தியிருக்கும், பின்னாடி போய்த் தட்டு. பாண்னு கேக்காத, ரொட்டின்னு கேளு" என்றார் அம்மா. நான் பள்ளிக்கூடத்தில் ரொட்டி என்றுதான் சொல்வேன், வீட்டில்தான் பாண். ஆனால் அந்தக் கதவு திறந்ததும் இரண்டில் எது சரியான வார்த்தை என்றே எனக்குக் குழம்பிவிட்டது. விரலை நீட்டினேன். கடைக்காரர் தாளில் 4 வர்க்கியைச் சுற்றிக் கொடுத்து, "இதுதான் இருக்கு, சீக்கிரம் வீட்டுக்குப் போ" என்றார்.

சித்தப்பா முந்தின நாள் ராத்திரியே கேரட் லோடோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போயிருந்தார். பஸ் இல்லை, லாரி இல்லை. வெள்ளிக்கிழமை, டெல்லியில் உடலைத் தகனம் செய்த அன்று சாயங்காலம்தான், பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் யார் வண்டியிலோ தொற்றியும் வீடு வந்தார். குஞ்சப்பனையில் "எந்த ஊர்" என்று கேட்டதற்குப் "புதுக்கோட்டை" என்று சொன்னாராம். பொய் இல்லை, எங்கள் பூர்வீகம் அதுதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இவ்வளவுதான். எங்களை யாரும் அடிக்கவில்லை, வீட்டில் கல்லும் விழவில்லை. அந்த வகையில் தம்பி சொல்வது சரி. ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் வீடுகளில் எப்படி?

பதில்: காட்டேரி வளைவு (குன்னூர்)

தங்கச்சி, நான் சிலோன் குடும்பம் இல்லை. எனக்கு அப்போது 22 வயது, குன்னூர் பஸ் நிலையம் பக்கத்தில் டீக்கடையில் வேலை. ஒரு விஷயம் மட்டும் யோசித்துப் பாருங்கள். 22-ஆம் தேதி காலையில் யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. வானொலியிலும் சொல்லவில்லை. அன்று தமிழ்நாடு முழுக்கக் கோபம் திரும்பியது தி.மு.க. பக்கம். கட்சி அலுவலகங்களை உடைத்தார்கள், கொடிக்கம்பங்களைச் சாய்த்தார்கள். எங்கள் தெரு முனையில் இருந்த கம்பத்தையும் ரம்பம் கொண்டுவந்து அறுத்தார்கள், நான் கடைப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அங்கேயே இறந்துபோன புகைப்படக்காரரின் கேமராவில் இருந்த படங்கள் பத்திரிகையில் வந்த பிறகுதான் இலங்கை என்ற பேச்சு டீக்கடை வரைக்கும் பெரிதாக வந்தது. அது சில நாள் கழித்து. உங்களுக்கு 11 வயது என்பதால் இரண்டு நாட்கள் நினைவில் ஒன்றாகியிருக்கலாம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மற்றபடி, அது சீசன் நேரம். லாட்ஜ் எல்லாம் நிறைந்திருந்தது. கடை கிடையாது, வண்டி கிடையாது. கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், பேச்சு வடநாட்டுப் பக்கம், பால் கேட்டுத் தெருத்தெருவாக அலைந்தது. எங்கள் முதலாளி கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே ஒரு சொம்புப் பாலைக் காய்ச்சிக் கொடுத்தார். காசு நீட்டினார்கள், வாங்கவில்லை.

இலங்கை வானொலியைப் பொறுத்தவரை, அதை மலையில் எல்லா வீட்டிலும்தான் கேட்டோம், எங்கள் கடையிலும் அதுதான். அதற்காக யாரும் யாரையும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பயப்படுகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும், அதுவும் சரிதான்.

பதில்: டான்டீ வீட்டுப் பையன் (சேரம்பாடி)

அக்கா, எங்கள் வீட்டில் "பேசாதே" என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டமே தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் வந்தது. 1976-ல் கழகமாக ஆன வருஷமே அப்பா சேர்ந்துவிட்டார். எங்கள் டிவிஷனில் லைனுக்கு லைன் நம் ஆட்கள்தான். யாரிடம் எதை மறைப்பது? அன்று எல்லா வீட்டு ஆண்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ரேடியோ கேட்டார்கள், பெண்கள் ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சினார்கள். உங்களைப் போல ஊருக்குள் தனித்தனி வீடாகப் போய்ச் சேர்ந்தவர்களுக்குத்தான் அந்த நாள் கஷ்டமாக இருந்திருக்கும்.

எங்களுக்குப் பயம் ஜூன் மாதத்தில் வந்தது. யார் யார் எந்த வருஷம் வந்தார்கள் என்று ஒரு நாள் எண்ணிக்கை எடுக்க வந்தார்கள். அப்பா பெட்டியைத் திறந்து, உரச் சாக்கின் உள்உறையில் சுற்றி வைத்திருந்த குடும்ப அட்டையை எடுத்தார். கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் கொடுத்தது. கையில் கொடுக்காமல், தானே பிடித்துக்கொண்டு காட்டினார். "1964 ஒப்பந்தத்துல வந்தவங்க ஐயா, சாஸ்திரி கையெழுத்துப் போட்டது. நாங்க அகதி இல்ல, இந்தியக் குடிமக்கள்" என்றார். வந்தவர் குறித்துக்கொண்டு போய்விட்டார், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் போன பிறகு அப்பா வெகுநேரம் அட்டையை உறைக்குள் திரும்ப வைக்க முடியாமல் கை நடுங்க உட்கார்ந்திருந்தார்.

"நாங்க அகதி இல்ல" என்று அப்பா சொன்னதை அன்று நான் பெருமையாகக் கேட்டேன். பெரியவன் ஆன பிறகுதான் உறுத்தியது. அதே நேரத்தில் முகாம்களில் உண்மையிலேயே அகதியாக இருந்தவர்கள், 83 கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், என்ன சொல்லித் தப்பித்திருப்பார்கள்? அவர்களிடம் காட்டுவதற்கு எந்த அட்டை இருந்தது? எங்களைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களைத் தள்ளி வைத்தோம். அப்பாவைக் குறை சொல்லவில்லை, அந்த இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பதில்: ஏரிச்சாலை (கொடைக்கானல்)

சேரம்பாடித் தம்பி கேட்டதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, பாதிதான். எங்கள் அப்பா கொடைக்கானலில் ஒரு பங்களாவுக்குக் காவல்காரர். பக்கத்துச் சின்ன வீட்டில் யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருந்தது. அந்த ஐயா வாத்தியாராக இருந்தவர், எனக்குக் கணக்குச் சொல்லித் தருவார். அவர்கள் "கதைக்கிறம்" என்று பேசுவது எனக்கு அவ்வளவு பிடிக்கும். 22-ஆம் தேதி எதுவும் இல்லை, அப்பா அவர்களுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார். மாதக் கடைசியில் வீட்டுக்காரர் வந்து நின்றார். சண்டை போடவில்லை, குரல்கூட உயரவில்லை. "எனக்கு வேற வழி இல்ல சார்" என்றார். அவர்கள் 2 நாளில் வத்தலக்குண்டு பஸ் ஏறிவிட்டார்கள். கணக்கு நோட்டில் பாதியில் நின்ற ஒரு வட்டிக் கணக்கு ரொம்ப வருஷம் என்னிடம் இருந்தது. எங்கே போனார்கள் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை.

பதில்: புதுஉறுப்பினர்_97

நான் 97-ல் பிறந்தவன், இதெல்லாம் வீட்டில் சொன்னதே இல்லை. இன்றைக்குத்தான் அம்மாவிடம் கேட்கப் போகிறேன். ஒரு சின்னச் சந்தேகம், றாத்தல் என்றால் என்ன?

பதில்: டான்டீ வீட்டுப் பையன் (சேரம்பாடி)

றாத்தல் என்றால் பவுண்டு, சுமார் 450 கிராம். சிலோனில் பாண் அந்தக் கணக்கில்தான்.

பதில்: கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

எல்லோருக்கும் நன்றி. குன்னூர் அண்ணா சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நாட்கள் கலந்துவிட்டனவா என்று நேற்று ராத்திரி அம்மாவிடமே கேட்டேன். இத்தனை வருஷம் கேட்காமல் இருந்ததே என் தப்பு.

"அன்னிக்குக் காலையிலயேதான் சொன்னேன்" என்றார் அம்மா. "யார் செஞ்சதுன்னு ரேடியோவுல சொல்லலையேம்மா" என்றேன். "சொல்லணுமா?" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவராகவே 1977-க்குப் போனார்.

அந்த ஆகஸ்டில் அவர்கள் மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்திருக்கிறார்கள். கலவரம் தோட்டங்களுக்கும் வந்தது. கீழ் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தீ வைத்ததும் 2 ராத்திரி தேயிலைச் செடிக்கு அடியில் படுத்துக் கிடந்தார்களாம், மழையில். அம்மா கல்யாணமாகி வந்த புதிது. அப்பாயி மருமகளின் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு கிடந்தாராம். ரோட்டில் ஆட்களை நிறுத்தி, ஒரு வாளியைக் காட்டி "இது என்ன" என்று கேட்பார்கள் என்று லயத்தில் பேசிக்கொள்வார்களாம், 58 கலவரக் காலத்திலிருந்தே அந்தப் பேச்சு உண்டாம். சிங்களத்தில் வாளிக்குப் பால்திய என்று பெயர். முதல் எழுத்தை ஆங்கில B போல அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்கு அது வாயில் வராது, வால்திய என்றுதான் வரும். வந்தால் போச்சு.

அப்பாயிக்குச் சிங்களம் நன்றாக வரும், ஆனால் அந்த ஒரு எழுத்து வராது. அந்த 2 ராத்திரியும் உதட்டை மட்டும் அசைத்து அந்த வார்த்தையைப் பழகிக்கொண்டே இருந்தார் என்று அம்மா சொன்னார். அடுத்த வருஷம் கப்பல் ஏறினார்கள்.

அதனால் 22-ஆம் தேதி காலையில் யாரும் எதையும் அறிவிக்கத் தேவை இல்லாமல் இருந்திருக்கிறது. இது தமிழ்நாடு, கேட்பவரும் தமிழ்தான் பேசுவார் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவர் அப்பாயியிடம் போய் அதைச் சொன்னார், அப்பாயியும் ஏன் என்று கேட்கவில்லை.

அப்பாயி எத்தனை நாள் அப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது, 2 நாள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தேர்தல் தள்ளிப்போய் ஜூன் 15-ல் ஓட்டுப் போட்டோமே, அதுவரைக்கும். சாவடியில் பேர் கேட்டிருக்கிறார்கள். தலையாட்டி அதற்குப் பதில் சொல்ல முடியாது இல்லையா? பேரையும் சொல்லி, அப்பாவின் அப்பா பேரையும் சேர்த்துச் சொல்லி, விரலை நீட்டி மை வைத்துக்கொண்டு வந்தாராம். வரும் வழியில் படகப் பாட்டியைப் பார்த்து "பல்லு சொகமாயிருச்சு" என்றாராம். அந்தப் பாட்டி 3 வாரத்தில் கொடுத்த கிராம்பு எல்லாம் ஒரு தகர டப்பாவில் அப்படியே இருந்திருக்கிறது.

குன்னூர் அண்ணா, தேதி சரிதான் என்று சொல்லத்தான் இவ்வளவும். நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் நானும் அம்மாவிடம் கேட்டிருக்க மாட்டேன். தம்பிக்கும் இந்தத் திரியை அனுப்பியிருக்கிறேன், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

சேரம்பாடித் தம்பி, உங்கள் அப்பாவின் அட்டை இன்னும் இருக்கிறதா? எங்கள் வீட்டு அட்டையில் அப்பாயி பேர் இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. அந்த வரியில் பேரோடு வேறு என்ன விவரம் எழுதுவார்கள் என்று பார்த்துச் சொன்னால் போதும், உங்கள் வீட்டு விவரம் எதையும் இங்கே போட வேண்டாம்.